‘கண்டுபிடித்தவர் யார்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி வினாடி வினாக்களுக்குக் கேள்வி எழுதித் தருவோருக்கும், அறிவியல் கண்காட்சிகளில் மதிப்பெண் போடும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் யார்? எடிசன். நீராவி எந்திரம்? ஜேம்ஸ் வாட். தொலைபேசி? கிரகாம் பெல். விமானம்? ரைட் சகோதரர்கள். இடப்பக்கம் பொருள், வலப்பக்கம் ஆள், நடுவில் ‘பொருத்துக’. ஐந்தாம் வகுப்பு வினாத்தாளிலிருந்து போட்டித் தேர்வு வழிகாட்டிகள் வரை இதே நான்கு வரிகள் வேறு வேறு வரிசையில் சுற்றி வருகின்றன. இந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். சில இடங்களில் விடையே தப்பு, அது தனிக் கதை. விடை சரியாக இருக்கும் இடத்திலும் அதை எழுதும் பிள்ளைக்கு அந்தப் பொருளைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதுதான் எங்கள் குறை.

நாங்கள் லேத் பட்டறையிலும், மின்பணியிலும், பள்ளி ஆய்வகங்களுக்குக் கருவி செய்து கொடுக்கும் வேலையிலும் இருப்பவர்கள். ஒரு எந்திரம் ஓடவில்லை என்றால் எங்கள் முதல் கேள்வி ‘எது நிற்கிறது?’ என்பது. யார் செய்தது என்பதைப் பில் போடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நம் பேச்சிலும் ஒரு வம்பு இருக்கிறது. தொலைந்த சாவியைக் கண்டுபிடிக்கிறோம். திருடனைக் கண்டுபிடிக்கிறோம். கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார், எடிசன் பல்பைக் கண்டுபிடித்தார். எல்லாவற்றுக்கும் ஒரே வினை. பல்பு ஏதோ புதருக்குள் கிடந்து, எடிசன் குனிந்து எடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. மாற்றுச் சொற்கள் கலைச்சொல் பட்டியல்களில் இருக்கின்றன, யார் வாயிலும் வருவதில்லை. சொல் இருக்கட்டும். கேள்வியை மட்டும் இப்படி மாற்றுங்கள்: ‘இவருக்கு முன் அது எந்த இடத்தில் நின்றுபோனது? இவர் எந்தப் பாகத்தை மாற்றினார்?’

பல்பையே எடுத்துக்கொள்வோம். ஹம்ஃப்ரி டேவி 1802இலேயே பிளாட்டினப் பட்டையில் மின்னோட்டம் செலுத்தி ஒளிர வைத்துவிட்டார். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோசப் ஸ்வான் 1860 வாக்கில் கரியாக்கிய காகிதப் பட்டையைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்தார். ஒளிர்ந்தது, கொஞ்ச நேரத்தில் போயிற்று. உள்ளே மிச்சமிருந்த காற்று கரியைத் தின்றுவிட்டது. அன்றைய பம்புகளால் அதற்கு மேல் காற்றை இழுக்க முடியவில்லை. 1865இல் ஹெர்மன் ஸ்ப்ரெங்கல் பாதரசப் பம்பைச் செய்தார். மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே பாதரசம் சொட்டுச் சொட்டாக விழும். இரண்டு சொட்டுக்கு நடுவே மாட்டிய காற்றுக் குமிழி அதோடு சேர்ந்து கீழே போய்விடும். குழாய் 76 செ.மீ.க்கு மேல் உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிக்காற்றின் அழுத்தம் பாதரசத்தை மேலே தள்ளிவிடும். மெதுவான வேலைதான், ஆனால் அதுவரை எட்டாத வெற்றிடம் கிடைத்தது. ‘பொருத்துக’ பட்டியலில் ஸ்ப்ரெங்கலை நாங்கள் பார்த்ததே இல்லை.

அந்தப் பம்பை வைத்துக்கொண்டு ஸ்வான் 1879 பிப்ரவரியில் நியூகாசில் கூட்டமொன்றில் கார்பன் விளக்கை எரித்துக் காட்டினார். அமெரிக்காவின் மென்லோ பார்க்கில் எடிசனின் கரியாக்கிய பருத்தி நூல் பல மணி நேரம் தொடர்ந்து எரிந்தது அதே ஆண்டு அக்டோபரில். ‘முதலில் யார்’ என்று மட்டும் பார்த்தால் எடிசன் பின்னால்தான் நிற்கிறார். அப்படியானால் அவர் செய்தது என்ன? ஸ்வானின் கரி தடிமனான கம்பி, மின்தடை குறைவு. எடிசன் மெல்லிய இழையைப் பிடித்தார், மின்தடை அதிகம். விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

100 வாட் விளக்கு ஒன்று. அதன் மின்தடை 100 ஓம் என்றால் 100 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுக்கும். மின்தடை 1 ஓம் என்றால் அதே 100 வாட்டுக்கு 10 வோல்ட் போதும், ஆனால் 10 ஆம்பியர் இழுக்கும். பத்து விளக்கை இணையாகப் போடுங்கள். முதல் வகைக்கு மொத்தம் 10 ஆம்பியர், இரண்டாம் வகைக்கு 100 ஆம்பியர். டைனமோவிலிருந்து தெருவுக்கு வரும் செப்புக் கம்பியின் மின்தடை 0.1 ஓம் என்று வையுங்கள். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் கம்பியில் வீணாவது தெரியும். முதல் வகையில் 10 வாட், அதாவது விளக்குகள் எடுக்கும் 1,000 வாட்டில் நூற்றில் ஒரு பங்கு. இரண்டாம் வகையில் 1,000 வாட். விளக்குக்கு எவ்வளவோ அவ்வளவும் கம்பிக்கே போய்விடும். கம்பியில் மட்டும் 10 வோல்ட் விழும், விளக்குக்கு வேண்டியதே 10 வோல்ட். இதைச் சரிக்கட்ட வேண்டுமானால் கம்பியை நூறு மடங்கு பருமனாக்க வேண்டும். செப்பு விலையில் ஊரே திவாலாகிவிடும்.

ஆக, எடிசன் தேடியது ‘எரியும் இழை’ அல்ல, ‘100 ஓமுக்குப் பக்கத்தில் நிற்கும் இழை’. பிரான்சிஸ் அப்டன் என்ற கணக்குக்காரர் அவரோடு உட்கார்ந்து இந்தச் செப்புக் கணக்கைப் போட்டார். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு நம் ஊருக்கு வரும் மின்கோபுரங்களில் ஏன் லட்சக்கணக்கான வோல்ட் ஓடுகிறது என்பதும் தானாகப் புரியும். இணைப்பு முறையும் அப்படித்தான். அன்றைய வில் விளக்குகள் (இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவே மின்பொறி பாய்ந்து எரிபவை) தொடரில் இருந்தன. நம் திருவிழாக்களில் தொங்கிய பழைய சீரியல் பல்பு நினைவிருக்கும், ஒன்று ஃபியூஸ் போனால் சரம் முழுக்க இருட்டு. வீட்டுக்கு அது ஆகாது, இணையாகத்தான் போட வேண்டும்.

பாகங்களையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் கேள்வி கேட்க இடம் அங்கேதான் நிறைய. நூலைக் கரியாக்கும்போது காற்று பட்டால் சாம்பல்தான் மிஞ்சும். அதனால் வளைத்த நூலைக் கரித்தூளோடு மூடிய கலத்தில் அடைத்து உலையில் சுட்டார்கள். கரிமூட்டம் போடுபவர்கள் மண் பூசிக் காற்றை அடைப்பது இதே காரணத்துக்குத்தான். காற்றை உறிஞ்சும்போதே இழையில் மின்னோட்டம் விட்டுச் சூடாக்க வேண்டும். இல்லாவிட்டால் கரிக்குள் ஒளிந்திருக்கும் வாயு, பல்பை மூடிய பிறகு முதல் முறை எரிக்கும்போது வெளியே வந்து வெற்றிடத்தைக் கெடுத்துவிடும். கண்ணாடிக்குள் நுழையும் கம்பி பிளாட்டினம். அது ஆடம்பரத்துக்கு அல்ல. சூட்டில் பிளாட்டினம் விரிவதும் சாதாரணக் கண்ணாடி விரிவதும் ஏறக்குறைய ஒரே அளவு. செப்பு அதைப்போல இரண்டு மடங்கு விரியும், ஆறும்போது ஒட்டிய இடத்தில் கண்ணாடி விட்டுப்போகும், காற்று நுழையும், பல்பு அவுட். பருத்தி நூலுக்குப் பிறகு கரியாக்கிய அட்டை வந்தது, 1880இல் ஜப்பானிய மூங்கில். மூங்கில் இழை ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டியது.

1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையம் ஓடத் தொடங்கியபோது விளக்கோடு ஃபியூஸ், ஹோல்டர், தரைக்கடியில் கேபிள், மீட்டர் எல்லாம் தயாராக இருந்தன. மீட்டர் என்றால் சுழலும் தட்டு அல்ல. துத்தநாக சல்பேட் கரைசலில் இரண்டு துத்தநாகத் தகடுகள். மாதம் ஒரு முறை தகட்டை எடுத்து எடை பார்த்துப் பில் போட்டார்கள். குளிர்காலத்தில் கரைசல் உறையாமலிருக்கப் பெட்டிக்குள் ஒரு பல்பு! எங்களைக் கேட்டால் எடிசனைப் பற்றிக் கேட்க இதைவிட நல்ல கேள்வி இல்லை.

வீட்டில் இருக்கும் ஹோல்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். திருகி மாட்டும் ஹோல்டரின் அளவு இ27. அந்த ‘இ’ எடிசன், 27 என்பது மி.மீ. கணக்கில் விட்டம். நம் வீடுகளில் அழுத்தித் திருப்பும் பின் ஹோல்டர் பி22, அது பிரிட்டன் வழியில் வந்தது. அங்கே எடிசனும் ஸ்வானும் 1883இல் ஒரே கம்பெனியாகச் சேர்ந்துவிட்டார்கள்.

கண்காட்சியில் இதைச் செய்து காட்ட முடியும். தெர்மோகோலில் மென்லோ பார்க் கட்டடம் செய்து வைப்பதற்குப் பதிலாக இதைச் செய்யச் சொல்லுங்கள். வேண்டியவை: யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, 10 ஆம்பியர் கார் ஃபியூஸ், ஒரு சுவிட்ச், 1.5 ஸ்கொயர் எம்எம் வயர், இரண்டு முதலைக் கிளிப், 0.5 மி.மீ. மைக்ரோடிப் பென்சில் லெட் ஒரு டப்பா, 500 மி.லி. போரோசிலிக்கேட் பீக்கர், மல்டிமீட்டர். 230 வோல்ட் சுவர் பிளக் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

கிளிப் இரண்டையும் 4 முதல் 5 செ.மீ. இடைவெளியில் ஒரு மரக்கட்டையில் நிறுத்தி லெட்டை மாட்டுங்கள். கிளிப்பின் பல் நேரே கடித்தால் லெட் முறியும். முனையில் அலுமினியத் தாளை இரண்டு சுற்று சுற்றிவிட்டு மாட்டினால் நிற்கும், தொடுகையும் நன்றாக இருக்கும். தொடுகை சரியில்லை என்றால் நடுவில் ஒளிராமல் கிளிப் ஓரத்தில் பொறி பறக்கும். சுவிட்சைப் போடுவதற்கு முன் மின்தடையை அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள், சில ஓம் காட்டும். சூடானால் கார்பனின் மின்தடை குறையும், டங்ஸ்டனுக்கு நேர் எதிர். அதனால் லெட் மிகக் குட்டையாக இருந்தால் ஃபியூஸ் போகும், இடைவெளியைக் கூட்டுங்கள். சுவிட்ச் போட்டதும் முதலில் புகை வரும். அது லெட்டைச் செய்யும்போது சேர்த்த மெழுகும் பிசினும். அதைப் பார்த்துப் பயந்து அணைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். புகை அடங்கியதும் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு கண் கூசும் வெளிச்சம். சாதாரணக் காற்றில் ஒரு நிமிடம் கூட நிற்காது, மெலிந்து முறிந்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், உற்றுப் பார்க்கக் கூடாது, அணைத்த உடனே கிளிப்பைத் தொடக் கூடாது.

இனிதான் பாடம். சில புத்தகங்களில் பீக்கருக்குள் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி ஆக்சிஜனை ‘முழுவதும் எரித்துவிடலாம்’ என்று இருக்கும். முடியாது. காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 16 சதவீதத்துக்குப் பக்கம் வந்தாலே மெழுகுவர்த்தி அணைந்துவிடும், மிச்சம் அப்படியே இருக்கும். பக்கத்தில் ஆர்கான் வெல்டிங் பட்டறை இருந்தால் அங்கே போங்கள். பீக்கரை நிமிர்த்தி வைத்து, குழாய் முனை அடியில் தொட, நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவில் அரை நிமிடம் ஆர்கானை விட்டால் பீக்கர் நிரம்பும். காற்றைவிடக் கனமானது, தங்கும். மேலிருந்து லெட்டை இறக்கி, வாயை ஓட்டுத் துண்டால் மூடுங்கள். அலுமினியத் தாளால் மூடினால் கிளிப்பில் பட்டு ஷார்ட் ஆகும். ஜன்னல் திறந்திருக்கட்டும். இப்போது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரத்தில் பார்த்து இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். காற்றில் எத்தனை வினாடி, ஆர்கானில் எத்தனை வினாடி. ஸ்வான் ஏன் நல்ல பம்பு வரும்வரை காத்திருக்க வேண்டி வந்தது என்பதற்கு விடை அந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

அடுத்தது கெட்டில் மூடி. நீராவி மூடியைத் தள்ளுவதைச் சிறுவன் வாட் பார்த்தான், நீராவி எந்திரம் பிறந்தது என்று சொல்லித் தருகிறோம். வரலாறு தப்பு என்பதைக் கூட மன்னிக்கலாம், இயற்பியலும் தப்பு. தாமஸ் நியூகோமனின் எந்திரம் 1712இலேயே இங்கிலாந்தின் டட்லி அருகே சுரங்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது, வாட் பிறந்ததே 1736இல். அந்த எந்திரத்தில் நீராவி பிஸ்டனைத் தள்ளவில்லை. சிலிண்டரில் நீராவியை நிரப்பி, உள்ளே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி தண்ணீராகச் சுருங்கும், சுமார் 1,700ல் ஒரு பங்காக. உள்ளே வெற்றிடம். வெளிக்காற்றுதான் பிஸ்டனைக் கீழே அழுத்தும். கெட்டில் மூடி காட்டுவது இதற்கு எதிரானது.

வாட் 1763-64இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நியூகோமன் எந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்றைப் பழுது பார்த்தார். பெரிய எந்திரம் ஓடுகிறது, மாதிரி சில அடி அடித்துவிட்டு நிற்கிறது. ஏன்? ஒவ்வொரு அடிக்கும் சிலிண்டரைக் குளிர்வித்து, அடுத்த அடிக்குத் திரும்பச் சூடாக்க வேண்டும். வரும் நீராவியில் பெரும் பங்கு சுவரைச் சூடாக்கவே செலவாகும். விட்டம் பத்தில் ஒரு பங்கானால், உள்ளே அடங்கும் நீராவிக்கு ஒப்பிட்டால் சுவரின் பரப்பு பத்து மடங்கு கூடும். அதனால் பெரியதில் மறைந்திருந்த நோய் சின்னதில் வெளியே தெரிந்தது. 1765இல் வாட் செய்த மாற்றம் ஒன்றே: நீராவியைச் சுருக்கும் வேலையை ஒடுக்கி என்ற தனிக் கலத்துக்கு மாற்றினார். சிலிண்டர் எப்போதும் சூடு, ஒடுக்கி எப்போதும் குளிர். காப்புரிமை 1769இல். ஓடும் எந்திரம் 1776இல்.

அந்த ஏழு ஆண்டுகள் எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை. லேத்தில் நிற்பவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். நியூகோமன் எந்திரத்தில் பிஸ்டனுக்கு மேல் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள், அதுவே இடுக்கை அடைத்துவிடும். வாட்டின் சிலிண்டர் சூடாகவே இருக்க வேண்டும், தண்ணீர் ஊற்ற முடியாது. சணலும் கொழுப்பும் வைத்து அடைக்கலாம், ஆனால் சிலிண்டர் உருளையாக இருந்தால்தான். பழைய முறையில் போரிங் பார், அதாவது வெட்டும் முனையைத் தாங்கித் துளை குடையும் தண்டு, ஒரு பக்கம் மட்டும் பிடிமானத்தில் இருந்தது. வெட்டும் முனை வார்ப்பு எப்படிக் கோணலோ அப்படியே தானும் போகும். ஜான் வில்கின்சன் பீரங்கிக் குழாய் குடையும் அனுபவத்தில், 1775 வாக்கில், சிலிண்டருக்குள் பாரை நுழைத்து இரண்டு முனையிலும் தாங்கிப் பிடித்தார். பார் நேராக நின்றது, துளை நேராக வந்தது. 50 அங்குல சிலிண்டரில் பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமனைத் தாண்டவில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் எழுதினார். இன்று அந்தப் பிழைக்கு வேலையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்று அது எந்திரத்தை ஓட வைத்தது.

கெட்டிலுக்குப் பதில் குளிர்பான அலுமினியக் கேனை வைத்துக் காட்டலாம். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி. தண்ணீர் போதும். கொதிக்க விட்டு, வாயிலிருந்து நீராவி ஓயாமல் வெளியே வந்தபின் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். அவசரப்பட்டால் கேனுக்குள் காற்று தங்கிவிடும், காற்று சுருங்காது. இடுக்கியால் பிடித்து, குளிர்ந்த நீரில் தலைகீழாக, வாய் முழுக்க மூழ்கும்படி சட்டென்று கவிழ்க்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் காற்று புகுந்து எதுவும் நடக்காது. தண்ணீர் வற்றிய கேனைச் சூடாக்க விடாதீர்கள், பெயிண்ட் கருகி நாறும். சரியாகச் செய்தால் ‘டப்’ என்று நசுங்கும். நசுக்கியது நீராவியா, காற்றா என்று கேட்டால் பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள். மதிப்பெண்ணை அங்கே வையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பெல்லும் எலிஷா கிரேயும் தொலைபேசிக்கான ஆவணங்களைக் கொடுத்தது ஒரே நாளில், 1876 பிப்ரவரி 14. ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று 12 வினாடியில் 120 அடி பறந்ததைவிட, 1901இல் உள்ளே காற்றை ஓடவிடும் ஆறடி நீளப் பெட்டி ஒன்றில் சுமார் 200 இறக்கை வடிவங்களை நிறுத்துப் பார்த்ததே பெரிய வேலை. அதற்கான தராசைச் சைக்கிள் ஸ்போக்கிலும் ஹேக்ஸா பிளேடிலும் செய்துகொண்டார்கள். இறக்கையைத் தூக்கும் விசையைக் கணக்கிட எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்திய 0.005 என்ற காற்றழுத்த மாறிலி தப்பு, 0.0033 பக்கம்தான் சரி என்று தெரிந்தது அந்தச் சமயத்தில்தான். வானொலிக்கு மார்க்கோனி என்று மட்டும் எழுதாதீர்கள். ஜகதீஸ் சந்திர போஸ் 1895இல் கொல்கத்தாவில் கம்பியில்லா அலையால் மணி அடிக்க வைத்தார், 1899இல் பாதரசம் வைத்த உணர்கருவியை ராயல் சொசைட்டிக்கு எழுதினார். மார்க்கோனியின் பங்கு அந்த அலையை நெடுந்தூரம் கொண்டுபோனதில் இருக்கிறது.

நம் கோயம்புத்தூரில் அருணாச்சலம் முருகானந்தம் குறைந்த விலை நாப்கின் எந்திரம் செய்ததைப் ‘பேட்மேன் (நாப்கின் மனிதர்) யார்?’ என்று கேட்டு முடித்துவிடுகிறீர்கள். அவர் முதலில் பஞ்சை வைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. கடையில் விற்பதில் இருந்தது பஞ்சு அல்ல, மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ். அதைத் தெரிந்துகொள்ளவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதன் பிறகுதான் மரக்கூழை மிக்ஸி மாதிரி அரைத்துப் பஞ்சாக்குவது, அச்சில் அழுத்துவது, உறை சுற்றி மூடுவது, புற ஊதா ஒளியில் கிருமி நீக்குவது என்று வேலையைச் சின்னச் சின்ன எந்திரங்களாகப் பிரித்தார். ‘பஞ்சு ஏன் தோற்றது?’ என்று கேளுங்கள்.

அடுத்த போட்டிக்கு நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளச் சில கேள்விகள். பல்பின் உள்ளே போகும் கம்பி செப்பாக இருந்தால் என்ன ஆகும்? பத்து விளக்கு, கம்பி 0.1 ஓம், விளக்கு 1 ஓம் என்றால் வீணாவது எவ்வளவு? நியூகோமன் எந்திரத்தின் சிறிய மாதிரி ஏன் நின்றது? போரிங் பாரை ஏன் இரு பக்கமும் தாங்க வேண்டும்? இவற்றுக்குப் பெயரைச் சொன்னால் மதிப்பெண் கிடையாது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் ‘எடிசன்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

கண்காட்சி நடுவர்களுக்குத் தனியாக ஒன்று. வரும்போது பையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், நான்கு உதிரி ஃபியூஸ் கொண்டு வாருங்கள். மாதிரி ஓடவில்லை என்றால் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகராதீர்கள். மல்டிமீட்டரைப் பிள்ளையின் கையில் கொடுத்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று அந்தப் பிள்ளை சரியாகத் தொட்டுக் காட்டினால், ஓடும் மாதிரிக்குத் தரும் மதிப்பெண்ணை அப்படியே கொடுங்கள்.

இப்படிக்கு,
பட்டறையிலும் ஆய்வகத்திலும் வேலை செய்யும் சிலர்